ஐம்பத்தெட்டு சதவீதம்

அக்டோபர் 13, திங்கள்

காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு நான் உள்ளே நுழையும்போது இரவு ஷிஃப்ட்காரர்கள் "எல்லாம் பச்சைதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். இன்றைக்கும் அதே பாட்டுதான். உட்கார்ந்து பார்த்தால் ஒரு சிவப்பு இருக்கிறது. சனிக்கிழமை மாலையிலிருந்தே இருக்கிறது.

எங்கள் வேலை இதுதான்: வெளியூர் ஆபீஸ்களில் ஓடும் சர்வர்களை இங்கே கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடி ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருப்பது. டிஸ்க் நிரம்புகிறதா, சூடு ஏறுகிறதா, உயிரோடு இருக்கிறதா. நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு, பதிலே வராவிட்டால் சாம்பல். ஊரான் வீட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற வேலை என்பாள் என் மனைவி வடிவு. பதினாறு வருடமாக அந்தப் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு வந்தது தெற்கே ஒரு கண் ஆஸ்பத்திரியின் சர்வரில். வாடிக்கையாளர் பெயரை வெளியே எழுதக் கூடாது என்று ஒப்பந்தம், அதனால் கண் ஆஸ்பத்திரி என்றே எழுதுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை சரியாக வளராமல் பார்வை போய்விடும் ஆபத்து உண்டாம். சிகிச்சைக்குரிய நாளைத் தவறவிட்டால் அவ்வளவுதான். அதனால் ஒரு டெக்னீஷியன் அம்மா கேமராவோடு வேனில் ஊர் ஊராகப் போய், பச்சைக் குழந்தைகளின் கண்ணைப் படமெடுத்து, அங்கிருந்தே சர்வரில் ஏற்றுகிறார். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தபடி முந்தைய வாரத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இந்தத் திட்டத்துக்கென்று தனி சர்வர். அதற்குள் சின்ன டிஸ்க் ஒன்று, அதன் சொந்த உபயோகத்துக்கு. பக்கத்தில் பெரிய ஸ்டோரேஜ் பெட்டி, படங்களுக்கு.

பெரிய பெட்டி 58 சதவீதம், பச்சை. சின்ன டிஸ்க் 96 சதவீதம், சிவப்பு.

லாகின் பண்ணி உள்ளே போய்க் கணக்கெடுத்தேன். சின்ன டிஸ்க்கில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரையும் கூட்டினால் முப்பதைத் தாண்டவில்லை. டிஸ்க்கையே நேராகக் கேட்டால் 96 என்கிறது. மீதி அறுபத்துச் சொச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பால்காரரிடம் இனிமேல் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் வடிவு அம்பாசமுத்திரம் போனாள், மாமியாருக்கு முழங்கால் வலி. தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறேன். எப்ப வர்றே என்றால் பார்க்கலாம் என்கிறாள். மாடிவீட்டு அம்மா கேட்டார்கள். ஊரில் எல்லாரும் சௌக்கியம் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இந்த மாதிரி மாயக் கணக்குக்கு வழக்கமான குற்றவாளி ஒருவன் உண்டு. அழித்துவிட்ட ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, இடம் மட்டும் பிடிக்கும். அவனைத் தேடினேன். இல்லை.

அடுத்து ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரும் கரண்ட்டும் பார்க்கிற சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

"ஞாயித்துக்கிழம ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன் அண்ணாச்சி. அதத் தவிர நான் ஒண்ணுமே தொடல."

"எதுக்கு ஆஃப் பண்ணீங்க?"

"டாக்டரம்மா லீவு முடிஞ்சு வந்தாவ. பழைய படம் ஒண்ணுமே தெரியலன்னு சத்தம் போட்டாவ. அதான் ரீஸ்டார்ட் பண்ணேன். உடனே பழசெல்லாம் வந்துட்டு. ஆனா அதுலதான் இன்னொரு வம்பு கெளம்பிட்டு."

பழைய படங்கள் வந்துவிட்டன. ஆயுத பூஜைக்குப் பிறகு எடுத்த படங்கள் ஒன்றுகூட இல்லை. படமெடுக்கிற பிலோமினா, ஏற்றாமலே கேமராவில் இருந்ததை அழித்துவிட்டார் என்று நிர்வாகத்தில் முடிவுகட்டிவிட்டார்கள். ஏற்றியதும் கேமராவை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி, அதனால் அந்தப் பக்கமும் சாட்சி இல்லை. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தீபாவளி கழிந்து புதன்கிழமை விசாரணை. அதில் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களாம்.

"எத்தன குழந்தைங்க படம், தெரியுமா அண்ணாச்சி? அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

வருத்தமான விஷயம்தான். ஆனால் அது அவர்கள் வீட்டு விவகாரம். என் வேலை சின்ன டிஸ்க்கின் 96.

அக்டோபர் 15, புதன்

மேனேஜர் தினகருக்குப் பொறுமை போய்விட்டது. வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு சின்னவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"நாதன் சார், மூணு நாளா இதுலயே உக்காந்திருக்கீங்க. டிஸ்க் ஒண்ணு சொல்லுது, ஃபைல் ஒண்ணு சொல்லுது. உள்ள ஏதோ கெட்டுப் போச்சுங்க. சனிக்கிழமை சின்ன டிஸ்க்கச் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா எல்லாம் போட்டுறலாம். படமெல்லாம் பெரிய பெட்டிலதான இருக்கு? அதத் தொடப்போறதில்ல. தீபாவளிக்கு நிம்மதியா வீட்டுக்குப் போலாம்."

"எதனாலன்னு தெரியாம அழிக்கறதா?"

"தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறோம்? கஸ்டமரே சரின்னுட்டாங்க."

காரணம் தெரியாமல் ஒன்றை மூடிவைத்தால் எனக்கு இரண்டு வாரத்துக்குப் பல்லில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் இதைச் சொல்லி ஒரு மேனேஜரை நிறுத்த முடியாது.

சாயங்காலம் திருச்சி ஹாஸ்டலில் இருந்து மகள் அபிராமி பேசினாள். "அம்மாகிட்ட பேசினீங்களாப்பா?" என்றாள். தினமும் பேசுகிறேன், ஆச்சிக்கு முழங்கால் சரியாகவில்லையாம் என்றேன். "ஆச்சி நேத்து என்கூட வீடியோ கால்ல பேசினாங்கப்பா. மலைக்கோயில் படியேறிட்டு அப்பதான் இறங்கி வந்திருக்காங்க" என்றாள்.

வலி வந்து வந்து போகும் போலிருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

எதிர்வீட்டுப் பெண் வந்து, வடிவிடம் கொடுத்த பிளவுஸ் தைத்தாயிற்றா, தீபாவளிக்கு வேண்டும் என்றாள். தேடிப் பார்க்க உள்ளே போனேன். ஜன்னல் ஓரத்தில் தையல் மெஷின் இல்லை. அது எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதிவிடுகிறேன்.

நாளைக்கு டிஸ்க்கை அழிக்கப் போகிறார்கள், அதற்குள் கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று இரண்டு டிஸ்க்குகளின் ஒரு மாத வரைபடத்தை ஒரே ஸ்கிரீனில் போட்டேன். இத்தனை நாள் சிவப்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை பச்சையாகத்தானே இருக்கிறது என்று பெரிய பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் முழுக்கப் பெரிய பெட்டியின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. வேன் போகிற நாளில் ஒரு படி, ஞாயிற்றுக்கிழமை சமதரை. ஆயுத பூஜையன்று 58-இல் நிற்கிறது. அப்புறம் 58. 58. 58. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, போன ஞாயிறு வரைக்கும் நேராகப் போகிறது. உயிரோடு இருக்கிற எந்த டிஸ்க்கும் அப்படிக் கோடு போடாது. ஒன்றுமே ஏற்றாவிட்டால்கூடப் புள்ளிக்குப் பிறகு நாலாவது இலக்கமாவது ஆடும்.

சின்ன டிஸ்க்கின் கோடு செப்டம்பர் முழுக்கச் சமதரை. பெரியது எங்கே நின்றதோ அங்கிருந்து இது ஏற ஆரம்பிக்கிறது. அதே மாதிரிப் படிப் படியாக.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து சீட்காரர் என்ன சார் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

முதலில் அந்த 58-ஐத் துருவினேன். பெரிய பெட்டி பதிலே சொல்லாமல் இருந்திருந்தால் ஸ்கிரீன் சாம்பல் நிறமாகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை? ஜூனில் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். டிஸ்க்கில் இருந்து பதில் வராவிட்டால், கடைசியாக வந்த பதிலையே திரும்பக் காட்டு. அந்த ஊரில் இன்டர்நெட் லைன் அடிக்கடி விட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் இங்கிருந்து போன் போக, தொந்தரவு தாங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்ல, தினகர் போட்டுக் கொடுத்த விதி. அதாவது விஜயதசமியில் இருந்து அந்தப் பெட்டி வாயே திறக்கவில்லை. திறக்காத வாய்க்கு நாங்கள்தான் தினமும் "நன்றாக இருக்கிறேன்" என்று குரல் கொடுத்திருக்கிறோம்.

உடனே சுடலைமுத்துவுக்குப் போன் போட்டேன். பூஜையன்று என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

"மத்த வருசம் மாரிதான் அண்ணாச்சி. மொத நா சாயங்காலம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடல வச்சுக் கும்பிட்டோம். மெஷினெல்லாம் ராத்திரி முழுக்க ஓய்வு. மறுநா விஜயதசமிக்கு நல்ல நேரத்துல திரும்பப் போடணும்லா? இந்தத் தடவ நிர்வாகி ஐயா கையால போடணும்னு சொல்லிட்டாவ. ஐயாவும் சூடம் காட்டிட்டு சர்வரப் போட்டாவ."

"ஸ்டோரேஜ் பெட்டி?"

"அது கீழ்த்தட்டுல இருக்கு அண்ணாச்சி. மாலையெல்லாம் அது மேல தொங்கிட்டுக் கெடந்தது. ஐயாவக் குனிஞ்சு போடச் சொல்ல முடியுமா? சுண்டல் குடுத்து முடிச்சு, எல்லாரும் போன பொறவு நான் போட்டேன்."

இவ்வளவுதான் விஷயம். வழக்கமாகச் சுடலைமுத்து தன் கையாலேயே முதலில் பெட்டி, பிறகு சர்வர் என்று போடுவார். ஏன் என்று அவருக்கும் தெரியாது, கை அப்படிப் பழகியிருக்கிறது. இந்த வருடம் பெரிய மனிதர் கை முதலில் பட்டது மேலே இருந்த சர்வரில்.

சர்வர் எழுந்திருக்கும்போது ஒரே ஒரு தடவைதான் பெட்டியைத் தேடும். கிடைக்காவிட்டால் தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிடும். படங்கள் போகிற ஃபோல்டர் ஒரு கதவு மாதிரி. பெட்டி இணைந்திருந்தால் கதவு பெட்டிக்குள் திறக்கும். இணையாவிட்டால் அதே கதவு சின்ன டிஸ்க்கில் இருக்கிற ஒரு காலி அறைக்குள் திறக்கும். படம் ஏற்றுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஏறியாயிற்று என்று டிக் வரும். பூஜையில் இருந்து ஞாயிறு வரை எல்லாப் படமும் அந்த அறைக்குள் போயிருக்கிறது. ஞாயிறு ரீஸ்டார்ட் பண்ணியதும் பெட்டி ஒழுங்காக இணைந்தது, கதவு மறுபடி பெட்டிக்குள் திறந்தது. அறை அப்படியே பின்னால் மூடிக்கொண்டது, படங்களோடும் ஏற்றிய கணக்கோடும். என் கூட்டல் முப்பதைத் தாண்டாததற்கும் டிஸ்க் 96 என்று அடம்பிடித்ததற்கும் காரணம் அதுதான். டிஸ்க் உண்மையைத்தான் சொன்னது.

இது என் ஊகம். இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த டிஸ்க்கை அழிக்கப் போகிறார்கள். அழித்தால் அந்தப் பெண்ணின் வேலையும் அதோடு போயிற்று.

தினகர் போன் எடுக்கவில்லை. மனைவி மக்களோடு தீபாவளித் துணி எடுக்கப் போயிருப்பார்.

அக்டோபர் 18, சனி

எனக்கு இன்றைக்கு விடுமுறை. ஆனாலும் எட்டு மணிக்கே தினகர் சீட்டுக்கு முன்னால் போய் நின்றேன். வரைபடத்தைக் காட்டினேன். அவர் அந்த நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விதி யார் போட்டது என்று நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"ஒரு மணி நேரம் எடுத்துக்குங்க சார். பாக்கறதோட நிறுத்திக்குங்க. எதையும் நகத்தாதீங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அனுமதியும் வாங்கிக் கொடுத்தார்.

சின்ன டிஸ்க்கை இன்னொரு வாசல் வழியாகத் திறந்தேன். முன்பக்கக் கதவைத் தொடாமல் பின்பக்கமாக உள்ளே போகிற மாதிரி. பட்டியல் ஓட ஆரம்பித்தது.

எல்லாம் இருந்தது. தேதி தேதியாக ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் பெயர்கள். குழந்தைகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது, எல்லாம் தாயின் பெயர்தான். பேச்சித்தாய் குழந்தை, ஆண், வலது கண். பேச்சித்தாய் குழந்தை, ஆண், இடது கண். ஆயிஷா பீவி குழந்தை, பெண். இரட்டை என்றால் ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கிறார். வேன் போகிற நாள் ஒன்றுகூட விடுபடவில்லை. விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போன நாள்களிலும் அந்த அம்மா வேனில் போயிருக்கிறார்.

ஃபைல் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றே ஒன்றைத் திறந்தேன். ஸ்கிரீன் முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு வட்டம், உள்ளே மெல்லிய நரம்புகள். பூமிக்கு வந்து சில வாரமே ஆன ஒரு கண்ணின் உட்புறம். உடனே மூடிவிட்டேன்.

தினகர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அழிக்க வேண்டாம்னு சொல்லிடறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

குளித்தேன். கடையில் வாங்கிய லட்டு இரண்டு. அபிராமி திருச்சியில் இருந்து நேராக அம்பாசமுத்திரம் போய்விட்டாள். போனில் இரண்டு பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். எப்ப வர்றே என்றேன். பார்க்கலாம் என்றாள் வடிவு. பின்னால் மாமியார் யாரையோ அதட்டிக்கொண்டு வேகமாக நடக்கும் சத்தம் கேட்டது.

மாடிவீட்டு அம்மா பலகாரத் தட்டோடு வந்து, வடிவு இன்னும் வரலையா என்றார்கள். இந்த வாரம் வந்துவிடுவாள் என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

பாதி ஆபீஸ் லீவு. படங்களை எல்லாம் பெரிய பெட்டிக்கு மாற்றி முடித்தோம். ஒவ்வொரு ஃபைலையும் சரிபார்த்தபின் சின்ன டிஸ்க் 31-க்கு இறங்கிப் பச்சையானது. நான் அந்தப் பச்சையை நம்பாமல் உள்ளே போய்க் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மத்தியானம் சுடலைமுத்து கூப்பிட்டார். குரலில் பாதி சந்தோஷம், பாதி பயம்.

"பூஜைய எழுதிராதீங்க அண்ணாச்சி. நிர்வாகி ஐயா பேரு வந்துச்சுன்னா எனக்குத்தான் வெனை."

"பூஜையைப் பத்தி ஒரு வரி வராது. எது முதல்ல ஆன் ஆச்சுன்னு மட்டும்தான் எழுதுவேன்."

"இன்னொண்ணு. படம் கெடச்சதக் கேட்டுட்டு மேல என்ன பேசிக்கிடுதாவ தெரியுமா? பிலோமினா தப்பான எடத்துல ஏத்திட்டா, அதான் கொழப்பம், எச்சரிக்கை குடுத்துருவோம்னு பேசிக்கிடுதாவ."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. படம் தொலைந்தாலும் அவர் குற்றம், கிடைத்தாலும் அவர் குற்றம். அறிக்கையை உட்கார்ந்து எழுதினேன். படம் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற வசதியே ஏற்றுகிறவருக்குக் கிடையாது. அவர் விதிப்படி ஏற்றினார், சர்வர் ஏறியதாகப் பதில் கொடுத்தது. பெரிய பெட்டி இணையாததை முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டியது எங்கள் ஸ்கிரீன். பதில் வராதபோது பழைய பதிலையே காட்டும் விதி இருந்ததால் எங்கள் ஸ்கிரீன் பத்து நாள் பொய் சொன்னது.

தினகர் படித்தார். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

"இது வேணுமா சார்? ஸ்டார்ட்டப் ஆர்டர் தப்புன்னு மட்டும் போட்டா போதாதுங்களா? டிசம்பர்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்."

"இதை எடுத்துட்டா அந்தப் பொண்ணு தலையிலதான் போய் நிக்கும் தினகர். நாம சாம்பல் காட்டியிருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்போம். ஒரு படம்கூட தப்பான அறைக்குப் போயிருக்காது."

எழுந்து பால்கனிக்குப் போனார். நான் வேறு வேலை தேடிப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்றும் நினைத்தேன். பயந்தேன் என்றே எழுதுகிறேன். அவர் திரும்பி வந்து, "அனுப்புங்க சார். விதி போட்டது நான்னு என் பேரையும் சேத்துப் போட்டிருங்க. உங்க பேர்ல மட்டும் போக வேண்டாம்" என்றார். அந்த விதியை எல்லா வாடிக்கையாளர்களின் ஸ்கிரீனில் இருந்தும் அவரே உட்கார்ந்து எடுத்தார். சாயங்காலத்துக்குள் ஏழெட்டு இடம் சாம்பலாயிற்று. இரவு ஷிஃப்ட்காரர்கள் எங்களைத் திட்டித் தீர்ப்பார்கள்.

அக்டோபர் 22, புதன்

விசாரணை ரத்து. பிலோமினா மறுபடி வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம். சுடலைமுத்து போனிலேயே அழுதுவிட்டார். இன்றைக்கு இரண்டு வேளையும் சாப்பிட்டாராம்.

அக்டோபர் 23, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து ஆபீஸ் வாசல் டீக்கடையில் நின்றபடி பிலோமினாவுக்குப் போன் பண்ணினேன். அவசியம் இல்லைதான். நல்ல சேதியை நம் வாயாலும் ஒரு தடவை சொல்லலாமே என்ற ஆசை. உண்மையைச் சொன்னால், ரொம்ப நன்றி சார் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

பின்னால் பஸ் இரைச்சல். யார் என்று சொன்னேன், சர்வர் பார்க்கிற கம்பெனி என்றேன்.

"சொல்லுங்க சார். பஸ்ல இருக்கேன்."

"படமெல்லாம் கிடைச்சிருச்சும்மா. நீங்க ஏத்துனது அத்தனையும் இருக்கு."

"இல்லாம எங்க சார் போவும்? நான் ஏத்துனேன்லா."

அவரே மேலே பேசினார். வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்த நாளில் இருந்து ஒவ்வொரு தாய்க்கும் போன் பண்ணி, படம் காணாமல் போய்விட்டது, பிள்ளையை நேரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நிறையப் பேர் வந்துவிட்டார்கள். ஒரு தாய் மட்டும் போனே எடுக்கவில்லை. நேற்று டாக்டர் திரும்பக் கிடைத்த படங்களைத் திறந்து பார்த்ததில், அந்தக் குழந்தைக்குத்தான் இரண்டு கண்ணிலும் உடனே லேசர் பண்ண வேண்டியிருக்கிறது.

"அந்த வீட்டுக்குத்தான் போய்ட்டிருக்கேன் சார். வேன் திங்கக்கெழமதான் குடுப்பாவளாம். அது வரைக்கும் பிள்ளக் கண்ணு காத்திருக்காதுலா. இன்னும் ரெண்டு மூணு நாளு டயம் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாவ. கூட்டிட்டு வந்துருவேன்."

"நல்லதும்மா. உங்க மேல தப்பு இல்லன்னு நாங்க அறிக்கையில தெளிவா எழுதிட்டோம்."

"சொன்னாவ சார். என் நம்பரு உங்களுக்கு எங்க கெடச்சது?"

"கஸ்டமர் ஃபைல்ல இருக்கும்மா. டெக்னீஷியன்னு போட்டு உங்க பேரு, நம்பர் எல்லாம் இருக்கு."

"மொதல்ல இருந்தேவா?"

"ஆமா."

"அப்பம் ஒரு தடவ எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா சார்."

"என்ன கேக்க..."

"ஏத்துனியான்னு. ஒருத்தரும் கேக்கல சார். ஏன் ஏத்தலன்னுதான் அத்தன பேரும் கேட்டாவ."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். பஸ் எங்கோ நின்றது, இறங்கணும் சார் என்று வைத்துவிட்டார்.

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமையே, சுடலைமுத்து சொன்ன அன்றைக்கே, அந்த நம்பரைத் தட்டி "ஏத்துனீங்களாம்மா" என்று கேட்டிருந்தால், ஆமாம் என்றிருப்பார். டிக் வந்ததா, வந்தது. அப்போதே படம் உள்ளேதான் எங்கோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நான் டிஸ்க்கைக் கேட்டேன், வரைபடத்தைக் கேட்டேன். அந்த அம்மாவைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். வடிவு போய் மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அம்மா வீட்டுக்குப் போறேன் என்று மட்டும்தான் சொன்னாள். முழங்கால் வலியை நான்தான் காரணமாக வைத்தேன்.

போன் போட்டேன். வழக்கமான நேரம் இல்லை என்பதால், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் எப்ப வர்றே என்று கேட்பேன் என்று நினைத்திருப்பாள்.

"ஏன் போனே வடிவு?" என்றேன்.

ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. நான் காத்திருந்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. அவள் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதில் ஒன்றுகூடப் பச்சை இல்லை.